வானியற்பியல், வாத்தியார் வேலை, மேடை நடிப்பு: மூன்றையும் எந்த வரிசையில் பிடிப்பது?

கேள்வி இது: இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துப் பக்கம் கடற்கரை ஊர். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வானியற்பியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டும், மேடையில் நடிக்கவும் வேண்டும். "ஒன்றைப் பிடி, இல்லாவிட்டால் மூன்றும் கைவிட்டுப் போகும்" என்கிறார்கள் வீட்டில். அது சரிதானா?

பாதி சரி. மூன்றையும் ஒரே ஆண்டில் ஒரே கனத்தோடு தூக்க முடியாது. ஆனால் வரிசை சரியாக இருந்தால் மூன்றும் ஒரே வாழ்க்கைக்குள் அடங்கும். முதலில் கணக்கும் இயற்பியலும், அடுத்து சம்பளம் தரும் ஆசிரியர் வேலை, இரண்டுக்கும் நடுவே விடாமல் நடிப்புப் பயிற்சி. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. நடிப்பை முப்பது வயதில் தொடங்கினாலும் மேடை ஏற்றுக்கொள்ளும். கற்பித்தல் வயதோடு கனியும். கணக்கு அப்படியில்லை. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவதுதான் அதிகம். அதனால் இப்போது உங்கள் நாளின் பெரிய துண்டு கணக்குக்குத்தான் போக வேண்டும்.

முதலில் படிப்பு. ஆராய்ச்சி வானியற்பியலாளர் ஆக பி.எஸ்சி. 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு, முனைவர் பட்டம் 5 முதல் 6 ஆண்டு. அதற்குப் பிறகும் நிரந்தர வேலை கிடைக்கும்வரை சில ஆண்டுகள் ஒப்பந்த ஆராய்ச்சிதான். நல்ல எம்.எஸ்சி. இடத்துக்கு வாசல், ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். நீங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுத வேண்டும் என்பதால், கையில் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு. கல்லூரிப் பருவத் தேர்வுக்குப் படிப்பதுபோல வருவித்தல்களை மனப்பாடம் செய்தால் ஜாம் கைகொடுக்காது. அது கணக்குப் போடச் சொல்லும் தேர்வு. ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு, விடையைப் பார்க்காமல், கையால் எழுதிப் போட வேண்டும். விசையியல், மின்காந்தவியல், வெப்பவியலும் புள்ளியியல் இயற்பியலும், குவாண்டம், கணித முறைகள் இந்த ஐந்தும்தான் அடித்தளம். வானியற்பியல் என்று தனியாக இப்போது படிக்க அவசரம் இல்லை. நட்சத்திரத்தின் உள்கட்டமைப்பு என்பது இந்த ஐந்தையும் ஒரு வாயுக் கோளத்தில் ஏற்றிப் பார்ப்பதுதான்.

எம்.எஸ்சி. முடிகிற நேரத்தில் முனைவர் படிப்புக்கான தேர்வுகள் வரும்: ஜெஸ்ட், கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், புனேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயுகா நடத்தும் நுழைவுத் தேர்வு. இயற்பியலுக்கு யு.ஜி.சி. நெட்டில் தாள் கிடையாது, சி.எஸ்.ஐ.ஆர். நெட்தான். இது தெரியாமல் விண்ணப்பிக்கும் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. வீட்டில் பணக் கவலை பேசுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். முனைவர் பட்டம் செலவு பிடிக்கும் படிப்பு என்றுதான் நம் பக்கத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைநோக்கி இல்லாத ஊரில் உட்கார்ந்து என்ன ஆராய்ச்சி என்று தயங்க வேண்டாம். இன்று வானியற்பியலின் பெரும்பகுதி தரவு, இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோள் 2022 ஜூனில் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பு, 2015-ல் ஏவப்பட்ட நம் அஸ்ட்ரோசாட், 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா எல்-1 எல்லாவற்றின் தரவும் எடுக்கலாம். பைத்தான் நிரல்மொழியில் எண் கணக்குக்கான நம்பை, வானியலுக்கான அஸ்ட்ரோபை என்ற இரண்டு நிரல் தொகுப்புகளையும் பழகுங்கள். முதல் வேலையாக, வேற்றுக் கோள்களைத் தேடும் டெஸ் செயற்கைக்கோளின் ஒளி வளைகோடு (நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) ஒன்றை இறக்கி, ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னே கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்து பாருங்கள். கோளின் ஆரத்தை நட்சத்திரத்தின் ஆரத்தால் வகுத்து வர்க்கமாக்கினால் அதுதான் குறைவு. வியாழன் அளவுக் கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தை மறைத்தால் ஏறக்குறைய 1 சதவீதம்; பூமி மறைத்தால் 0.0084 சதவீதம். அந்த 1 சதவீதத்தைப் பின்னால் மேடையிலும் பயன்படுத்தப் போகிறோம். கோடைக்கானல் சூரிய ஆய்வகம் நம் மாவட்டத்திலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டது அங்கேதான்.

23 வயது வாக்கில் ஒரு கவை வரும். ஆராய்ச்சிதான் உயிர் என்று தோன்றினால் நேராக முனைவர் பட்டத்துக்குப் போங்கள், பி.எட். பிறகு பார்க்கலாம். கற்பித்தல்தான் மனதை அதிகம் இழுக்கிறது என்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்து அரசுப் பள்ளி வழி. இரண்டையும் ஒன்றாக இழுத்துப்போக நினைக்காதீர்கள். பி.எட். இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு, வருகைப் பதிவு உண்டு, மாதக் கணக்கில் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியும் உண்டு.

பள்ளி வழியில் இரண்டு படிகள். ஆறு முதல் பத்தாம் வகுப்பு பட்டதாரி ஆசிரியர் என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்: மொத்தம் 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சிக்கு 30, மொழிக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. இதோடு தமிழ்த் தகுதித் தாளும் கட்டாயம். இயற்பியலில் கெட்டிக்காரர்கள் பலர் பாடப் பகுதியில் நன்றாக எழுதிவிட்டு, கல்வியியல் 30-ல் கோட்டைவிடுவார்கள். அந்த முப்பதை ஒரு மாதம் ஒதுக்கிப் படித்தால் போதும். வேலை கிடைக்கும்வரை கை காலியாக இருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 28-ல் தொடங்கிய வானவில் மன்றத் திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. கைப்பொருளோடு வகுப்பில் நிற்கப் பழக அப்படிப்பட்ட இடங்கள் நல்ல பட்டறை.

அரசு வேலையில் சேர்ந்த பின் நடிப்புக்குக் கூலி வாங்குவதாக இருந்தால், துறையில் எழுத்துமூலம் முன் அனுமதி வாங்கிவிடுங்கள். "சும்மா கோயில் நாடகம்தானே" என்று விட்டால், பிறகு யாராவது புகார் எழுதும்போது கையில் தாள் இருக்காது.

இனி மேடை. நம் பக்கம் மேடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகம். ஊர்க்காரர் வாயில் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை. இந்த முறையில் முழுநேரமாக இறங்குவதும் காலை ஒன்பது மணிக்கு வகுப்பெடுப்பதும் ஒரே உடம்பில் நடக்காது. அதோடு, பங்குனித் திருவிழாக்கள் களைகட்டும் மார்ச், ஏப்ரலில்தான் பொதுத் தேர்வும் வரும். ஆகவே அதை வேலையாக எடுக்காதீர்கள், பாடமாக எடுங்கள். ஓர் ஆண்டில் ஐந்தாறு இரவுகள் முன்வரிசையில் உட்கார்ந்து, வள்ளி திருமணத்தில் நாரதர் வந்து தர்க்கம் செய்கிற இடத்தைக் கவனியுங்கள். எழுதிய வசனத்தைத் தாண்டி, எதிராளி சொன்னதைப் பிடித்து அந்த இடத்திலேயே பதில் கட்டுகிறார்கள். ஒரு மாணவன் எதிர்பாராத கேள்வி கேட்கும்போது ஆசிரியருக்கு வேண்டிய திறன் அதுவேதான். ஹார்மோனியக்காரரும் ஆல்ரவுண்டு என்ற தாள ஒலிக் கருவிகளை வாசிப்பவரும் நடிகரின் மூச்சைப் பார்த்து எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே தூக்குகிறார்கள் என்றும் பாருங்கள்.

முறையாகக் கற்க வேண்டும் என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு ஆகியவை இருக்கின்றன. உங்கள் நிலையில் நான் சொல்வது: பட்டத்துக்குப் போகாதீர்கள், மே மாத விடுமுறையில் நடக்கும் பத்து, பதினைந்து நாள் பயிலரங்கம் ஆண்டுக்கு ஒன்று போதும். மீதி நாள் வாரம் இரண்டு மாலை, உடலுக்கும் குரலுக்கும் பயிற்சி.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகரைவிட ஆசிரியரின் தொண்டைதான் சீக்கிரம் கெடுகிறது. நாளைக்கு ஐந்து வகுப்பு, வாரம் முழுக்க என்று ஓயாமல் பேசுவதால். காலையில் ஐந்து நிமிடம் வாய் மூடி முனகல், பிறகு வாய் திறந்து நீட்டல், வகுப்புக்கு வகுப்பு இரண்டு மடக்குத் தண்ணீர். கத்துவதற்குப் பதில் வேகத்தைக் குறைத்து, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடித்தால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். கடற்கரையில் ஆடும்போது காற்று முக்கியம். பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் அடிக்கும். எப்போதும் காற்று நடிகரின் முதுகிலிருந்து பார்வையாளர் பக்கம் போகிறமாதிரி மேடையைத் திருப்புங்கள். கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் காலர் மைக்கில் பஞ்சு உறை இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

மூன்றும் சேர்கிற இடம் அறிவியல் நாடகம். பலர் இடறுவதும் இங்கேதான். பொதுவாக என்ன நடக்கிறது? விஞ்ஞானி வேடம் போட்டவர் வந்து நின்று பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறார், மற்றவர்கள் "அப்படியா!" என்கிறார்கள். பார்க்கிற பிள்ளைகள் பத்தாவது நிமிடம் எழுந்துவிடுவார்கள். எல்லாம் தெரிந்த பாத்திரத்தை மேடையில் வைக்காதீர்கள். பபூனுக்கு நடுப்பகுதியைக் கொடுங்கள். அவன் தப்பாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் அந்தத் தப்புக்கு நியாயம் இருக்க வேண்டும். "அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடுகிறது, அதனால் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போதுதான் கோடை" என்று அவன் வாதாடட்டும். பூமி சூரியனுக்கு மிக அருகே, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நம் ஊர் மார்கழிப் பனியில். அதைப் போட்டு எதிராளி மடக்கட்டும். 20 நிமிட நாடகத்துக்கு இப்படி ஒரே ஒரு கருத்து போதும். இரண்டு வைத்தால் இரண்டும் தங்காது.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதை 1874-லேயே செய்தார். சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர், 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதிய நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. நம் காலத்தில் அமெரிக்காவின் அயோமாவா ஷீல்ட்ஸ் இருக்கிறார். வானியற்பியல் முனைவர் படிப்பை விட்டுவிட்டு நடிப்பில் முதுகலை முடித்தார், பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்து முனைவர் பட்டம் வாங்கி, இப்போது கலிபோர்னியாவில் பேராசிரியர். வேற்றுக் கோள்களின் காலநிலை அவர் துறை. சிறுமிகளுக்கு வானியலை நாடகப் பயிற்சி வழியாகக் கற்பிக்கும் திட்டத்தையும் நடத்துகிறார். திரும்பி வர முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவர் இடைவெளி விடுமுன்பே எம்.ஐ.டி.யில் அடிப்படையை முடித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேடையில் வைக்கத் தக்க சில காட்சிகளை அளவோடு சொல்கிறேன்.

நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதால் அது சுழலவில்லை என்று பெரியவர்களும் நம்புகிறார்கள். ஒருவர் பூமியாக நடுவில் நிற்க, நிலாவாக நடிப்பவர் அவரையே பார்த்தபடி சுற்றி வரட்டும். பாதிச் சுற்றில் நிறுத்திக் கேளுங்கள்: "இப்போது முகம் எந்தத் திசையில்?" கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திசையையும் பார்த்துவிட்டால் அவர் ஒருமுறை சுழன்றுவிட்டார். விளக்கு ஒன்றை ஓரத்தில் வைத்தால் பிறைகளும் இதிலேயே வரும். பிறை என்பது பூமியின் நிழல் என்று யாராவது சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். பூமியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான்.

கோள் கடப்பைக் காட்ட, 10 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை உருண்டை விளக்கின் முன்னே 1 செ.மீ. மணியைக் கம்பியில் கட்டி நகர்த்துங்கள். கைபேசியின் ஒளிமானியில் 1 சதவீதம் குறைய வேண்டும். குறையாமல் எண் ஆடிக்கொண்டே இருந்தால் காரணம் வீட்டு மின்சாரம்: விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. பேட்டரி விளக்குக்கு மாறுங்கள். மணி கைபேசிக்குப் பக்கத்தில் இருந்தால் அளவுக்கு மேல் மறைக்கும். விளக்கை ஒட்டியே போக வேண்டும். கைபேசி நான்கைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

வாலிநோக்கம் உப்பளத்து உப்பைக் கொஞ்சம் ஸ்பிரிட் விளக்குச் சுடரில் தூவினால் மஞ்சள் பளிச்சிடும். அது சோடியம், 589 நானோமீட்டர். பழைய குறுந்தகட்டின் ஒரு துண்டில் அந்தச் சுடரைச் சாய்த்துப் பார்த்தால் மஞ்சள் மட்டும் தனித்து நிற்கும். சூரிய நிறமாலையில் அதே இடத்தில் கருங்கோடு இருக்கிறது, ஏனென்றால் சூரியனின் மேற்புறத்திலும் சோடியம் உண்டு. நம் உப்பும் சூரியனும் ஒரே கையெழுத்துப் போடுகிறது என்று பிள்ளைகளுக்குப் புரிகிற கணத்தில் வசனம் எதுவும் தேவைப்படாது. நடிகர் சும்மா நிற்கக் கற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூரங்களைக் காட்டக் கடற்கரையே மேடை. 1 செ.மீ. என்பது 1 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்தால் சூரியன் 14 செ.மீ. உருண்டை. பூமி 1.3 மி.மீ., ஒரு கேழ்வரகு, 15 மீட்டர் தள்ளி. வியாழன் 1.4 செ.மீ. கோலிக்குண்டு, 78 மீட்டரில். நெப்டியூன் 450 மீட்டரில். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டால் 4,000 கிலோமீட்டர். இராமேஸ்வரத்திலிருந்து காஷ்மீரைத் தாண்டியும் போக வேண்டும். பிள்ளைகளையே உருண்டையோடு நடக்க வையுங்கள், நீங்கள் நடந்து காட்டாதீர்கள். கலாமுக்குப் பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து சொன்ன சிவசுப்பிரமணிய ஐயர், அது புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனது இந்தக் கரையில்தான் நடந்தது.

நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்ந்த குச்சிக்கு நிழல் விழாத நிழலில்லா நாள் நம் கரைக்கு ஆண்டில் இருமுறை: சித்திரை முதல் நாளை ஒட்டி ஏப்ரல் 14, பிறகு ஆகஸ்ட் 29 வாக்கில். நேரம் 12 மணி அல்ல, 12.14-ஐ ஒட்டி. நம் நேரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகைக்கு உரியது, தேவிபட்டினம் 78.9-ல் இருக்கிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்துங்கள். 1 மீட்டர் குச்சி 1 டிகிரி சாய்ந்தால் 1.7 செ.மீ. நிழல் விழும், செய்முறை தோற்றுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

இரவு வானத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில்தான், மூட்டத்தில் மறைந்துவிடும். மே மாதம் இரவு 9 மணிக்கு கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தெற்கே கடலைப் பார்த்து நின்றால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். 10x50 பைனாகுலர் ஒன்றும், முடிந்தால் 6 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடி வகை) தொலைநோக்கியும் போதும். உப்புக்காற்று கண்ணாடியைத் தின்னும். பயன்படுத்தி முடிந்ததும் மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் மணலும் உப்பும் கீறிவிடும், முதலில் ஊதித் தள்ளுங்கள். தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் இருக்க விடமாட்டார்கள், உங்கள் ஊர்க் கரையே போதும். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நட்சத்திரம் காட்டப் பச்சை லேசர் வேண்டவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, விமானியின் கண்ணில் பட்டால் ஆபத்து.

தேவிபட்டினத்து நவபாஷாணத்தை மறந்துவிடாதீர்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லில் ராகுவும் கேதுவும் இருக்கிறார்கள். வானியல் கணக்கில் அவை நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள், 18.6 ஆண்டில் ஒரு சுற்றுப் பின்னோக்கி நகர்பவை. அமாவாசை அந்தப் புள்ளிகளுக்கு அருகே விழுந்தால் மட்டும் சூரிய கிரகணம். வழிபட வருகிறவர்களின் நம்பிக்கையைக் கிண்டல் செய்து நாடகம் போடாதீர்கள், அடுத்த முறை ஊர் வராது. கல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் எதைக் கணக்கிட்டார்கள் என்று காட்டுங்கள்.

2010 ஜனவரி 15-ல் தனுஷ்கோடியில் வளையக் கிரகணம் (நிலா சூரியனின் நடுவை மட்டும் மறைக்க, ஓரம் வளையமாகத் தெரிவது) பத்து நிமிடத்துக்கு மேல் தெரிந்தது. இனி 2031 மே 21 அன்று ஒரு வளையக் கிரகணம் கேரளம் வழியாக வந்து மதுரைப் பக்கம் கடக்கப்போகிறது. மேலே சொன்ன வரிசையில் போனால் அப்போது நீங்கள் முனைவர் படிப்பில் இருப்பீர்கள், அல்லது ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். அது கோடை விடுமுறை. பள்ளி வழியாகப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, ஊர் ஊராகப் போய் ஆடித்தான் கூட்ட வேண்டும். வளையக் கிரகணத்தில் ஒரு வினாடிகூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை நாடகத்தின் முதல் காட்சியிலேயே வையுங்கள். பார்க்க வழி எளிது: 3 மீட்டர் உயரத்தில் கீற்றுப் பந்தல், அதில் 3 முதல் 5 மி.மீ. ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டைக்கும் கீழே மணலில் கிட்டத்தட்ட 2.8 செ.மீ. அகல ஒளி வளையம் ஒன்று விழும். பந்தலுக்கு வெயிலைத் தடுக்கிற அளவுக்கு நெருக்கமான புதுக் கீற்றாக வாங்குங்கள். பழசில் இடைவெளி பெரிதாக இருக்கும், வளையம் கலங்கிவிடும்.